பழைய மியூசியக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

செப்புத்திருமேனி
வெண்கல உமை சிலையின் இடுப்பை ஒட்டி வெளிர்பச்சையாக மாவு. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஊர் பெயர் வேண்டாம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம், அங்கே பதிவேடு எழுதும் வேலையில் இருந்தேன். ஃபால்ஸ் சீலிங், ஏசி, புதுக் கண்ணாடிப் பெட்டி என்று கூடத்தையே மாற்றியிருந்தார்கள். அடைமழை ஓய்ந்தபின் பெட்டியைத் திறந்தால் பீடத்திலும் அந்த மாவு உதிர்ந்து கிடக்கிறது, துடைத்த இடத்தில் சின்னச் சின்னக் குழி. இதைத்தான் வெண்கல நோய் என்பார்கள், உலோகத்தின் உள்ளே இருக்கும் குளோரைடு உப்புக்கு ஈரம் கிடைத்தால் போதும், அரிப்பு தொடங்கிவிடும். சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது ஏசியையும் நிறுத்திவிடுவார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று வந்து, குளிர்ந்திருக்கும் சிலையில் வேர்த்துவிடும். தினமும் இதே கதை. முன்பு வெறும் மின்விசிறியோடு அதே கூடத்தில் பல வருடம் நன்றாகத்தான் இருந்தாள் அந்த உமை.

காளவாய்
ஏசியை விடுங்கள், சுவரைப் பாருங்கள். நான் சொல்வது ஒரு பழைய அரண்மனையில் சுவடி வைத்திருந்த அறை. ஓதம் ஏறுகிறது என்று இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்துவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லை, சிமெண்டைத் தாண்டி இன்னும் மேலே ஏறி அலமாரி உயரத்துக்கு உப்பு பூத்துவிட்டது. கொத்தனார் உளி வைத்ததும் பூச்சு பாளமாகப் பெயர்ந்து வந்தது, உள்ளே செங்கல் கையால் அழுத்தினாலே பொடிகிறது. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசியிருந்தால் சுவர் மூச்சு விட்டிருக்கும்.

எழும்பூர்வாசி
ஐயா, சுண்ணாம்பு சரி, ‘ஏசியை விடுங்கள்’ என்பது சரியில்லை. ஏசி இருப்பதில் தப்பில்லை, பாதி நாள் நிறுத்துவதுதான் தப்பு. ஈரப்பதம் அதிகமில்லாமல் ஒரே அளவில் நின்றால் பொருள் தாங்கிக்கொள்ளும், ஏறி இறங்கினால் ஆபத்து. இன்னொன்று, சிமெண்ட் தொல்லை இன்று வந்ததல்ல. சென்னை எழும்பூர் அரசு மியூசியத்தில், ஆந்திரத்து அமராவதி பௌத்த ஸ்தூபச் சிற்பங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே சுவரில் சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள், அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் சுவரின் ஈரமும் உப்பும் இறங்கின. இத்தனைக்கும் 1930லேயே வேதியியலாளர் பரமசிவன் வேதியியல் கூடம் அமைத்து, மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சுத்தம் செய்துகாட்டிய இடம் அது. எனக்கு உறுத்துவது அதே வளாகத்தில் தேசிய கலைக்கூடம் இருந்த சிவப்புக் கட்டடம்தான். ஹென்றி இர்வின் வடிவமைத்து நம்பெருமாள் செட்டி கட்டி 1909இல் திறந்தது. 2002இல் பாதுகாப்பில்லை என்று பூட்டி, ரவிவர்மா ஓவியங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடப் பையன், உள்ளே என்ன இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே நின்றான்.

சாரம்
என் அனுபவம் சின்னது. கூரை வேலை நடக்கும்போது தேக்கு உத்தரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் பொறி பறந்தது, கீழே பொருள்கள் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. பக்கத்தில் தண்ணீர் வாளிகூட இல்லை. அதனால் சொல்கிறேன், வேலை தொடங்கும் முன்பே பொருள்களை அப்புறப்படுத்துங்கள், எது எங்கே போகிறது என்று படத்தோடு பட்டியல் எழுதுங்கள், மாற்று அறையின் ஈரப்பதத்தையும் முன்கூட்டியே அளந்து பாருங்கள். தற்காலிக வயரிங்கைத் தினமும் மாலையில் ஒருவர் பார்த்துத் துண்டிக்கட்டும். மழைநீர்க் குழாய் அடைப்பை முதலில் எடுங்கள், பாதி ஓதம் அங்கிருந்துதான் வருகிறது. மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் கான்கிரீட் போட்டுக் கனம் ஏற்றாதீர்கள், மேலே பதித்த தட்டை ஓடுகளை மாற்றினாலே பல இடங்களில் போதும். ரியோ டி ஜெனீரோவில் பழைய அரண்மனையில் இருந்த தேசிய மியூசியம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்ததே, தீ ஒரு ஏசியில் தொடங்கியதாகத்தான் விசாரணையில் சொன்னார்கள். பக்கத்துத் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீரும் வரவில்லை.

செப்புத்திருமேனி
@சாரம் பட்டியலை அங்கே இருக்கும் தோழிக்கு அனுப்பிவிட்டேன். @எழும்பூர்வாசி நீங்கள் சொன்னதை அன்றே எழுதிக் கொடுத்தோம், ராத்திரியும் ஏசி ஓட்டினால் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டார்கள். உமையை ஆய்வகத்தில் சரிசெய்து, திரும்ப அதே பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை யாராவது நேரத்துக்கு மாற்றுகிறார்களா என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.