ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டினீர்களா? பிறகு என்ன நடந்தது?

மதுரை, கம்ப்யூட்டர் சர்வீஸ்:

கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் "கிளீனர் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேங்க, இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதில் வேண்டாத பதிவுகளை நீக்கி வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்தான் இந்தக் கிளீனர். இது உதவுமா என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதனால் உங்கள் கண்ணெதிரே நடந்ததை மட்டும் எழுதுங்கள். நான் பார்த்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சமீபத்தில் ஒரு டியூஷன் சென்டர் லேப்டாப் வந்தது. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய கிளீனர் ஒன்று அதில் இருந்தது. ஸ்கேன் கொடுத்தால் சிவப்பில் நூற்றுக்கணக்கான "பிழைகள்" காட்டும், சரிசெய்தால் பச்சையாகும், மறுநாள் திரும்பவும் சிவப்பு. அந்த டீச்சர் அதை நம்பித் தினமும் ஓட்டியிருக்கிறார். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் பூட் ஆகும் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்ட பிறகுதான் மெஷின் எழுந்து உட்கார்ந்தது.

காரணம் எளிது. ரெஜிஸ்ட்ரியை விண்டோஸ் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் படிப்பதில்லை. அது கிளை கிளையாகப் பிரியும் அமைப்பு. ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய கீயின் (பதிவுகள் இருக்கும் கிளையின்) பாதையைச் சொல்லி நேரே அங்கே போகிறது. என்றோ நீக்கிய கேமின் மிச்சம் வேறொரு கிளையில் கிடந்தால் இதற்கு ஒரு தடையும் இல்லை. பழைய காலத்தில் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய் என்ற அறிவுரைக்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். விண்டோஸ் 2000 வரை ரெஜிஸ்ட்ரியின் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு இருந்தது. 2001இல் எக்ஸ்பி வந்தபோது அது போய்விட்டது. மைக்ரோசாஃப்டே ஒருகாலத்தில் ரெக்கிளீன் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்துப் பிறகு விலக்கிக்கொண்டது. இன்று ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் ஆதரிப்பதில்லை என்றும், அதனால் கோளாறு வந்தால் விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டிவரலாம் என்றும் அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

சிவகாசி, டிடிபி:

அண்ணே, எங்க அச்சகத்துல நடந்ததைச் சொல்றேன். தமிழ் ஃபான்ட் எல்லாம் சர்வர் மெஷின்ல ஒரே ஃபோல்டர்ல இருக்கும். மத்த மெஷின்ல காப்பி பண்ணாம ஷார்ட்கட்டா இன்ஸ்டால் பண்ணியிருந்தோம். அப்படிச் செஞ்சா ரெஜிஸ்ட்ரியில ஃபான்ட் பேருக்கு எதிர்ல சர்வர் பாதை முழுசா பதிவாகும்.

காலண்டர் சீசன். ஞாயித்துக்கிழமை சர்வர் ஆஃப்ல இருந்த நேரம். ஓவர்டைம் பார்க்க வந்த தம்பி, மெஷின் வேகமா ஓடட்டும்னு நல்ல எண்ணத்துலதான் கிளீனரைப் போட்டிருக்கான். அது அந்தப் பாதையில போய்ப் பார்த்திருக்கு, ஃபைல் இல்லை. "காணாமல்போன ஃபான்ட்"னு அத்தனை பதிவையும் எடுத்துருச்சு. திங்கக்கிழமை காலையில லேஅவுட்டைத் திறந்தா ராசிபலன், பஞ்சாங்கக் கட்டம் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுமா நிக்குது. பழைய ஃபான்ட் எதுவும் யூனிகோட் கிடையாதே, ஆங்கில எழுத்தோட இடத்துலதான் தமிழ் வடிவம் இருக்கும், ஃபான்ட் போனா தமிழே போயிரும். பிரூஃப் பார்க்க வந்த பார்ட்டி வாசல்லயே நிக்கிறார். ஃபான்ட் ஃபைல் சர்வர்ல பத்திரமா இருந்ததால தப்பிச்சோம். இருந்தாலும் மெஷின் மெஷினா உட்கார்ந்து திரும்ப ஏத்த வேண்டியதாப் போச்சு.

அந்தத் தம்பியை யாரும் திட்டலை. எது வேண்டாததுன்னு அந்த டூலுக்குத் தெரியாதுங்கிறதுதான் விஷயம். இந்த நிமிஷம் எது கண்ணுல படலைங்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். கழட்டி வச்ச எக்ஸ்டர்னல் டிஸ்க், ஆஃப்ல கிடக்கிற நெட்வொர்க் டிரைவ் எல்லாமே அதோட கணக்குல குப்பை.

கோவை, புரோகிராமர்:

சிவகாசி நண்பர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். "காலியாக இருக்கும் பதிவுகள்" என்று ஒரு பட்டியல் காட்டுவார்கள். காலியாக இருப்பதாலேயே அது வீண் ஆகாது. ஷார்ட்கட் ஃபைல்களுக்கான கீயில் "ஈஸ்ஷார்ட்கட்" என்று ஒரு மதிப்பு உண்டு. உள்ளே ஓர் எழுத்துகூட இருக்காது. ஆனால் அது அங்கே இருக்கிறதா என்றுதான் விண்டோஸ் பார்க்கிறது. அதை நீக்கினால் ஐகான் மூலையில் வரும் சின்ன அம்புக்குறி மறையும், டாஸ்க்பாரில் பின் செய்வதிலும் சிக்கல் வரும். என் அலுவலக மெஷின் ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியமே போனது.

திருச்சி, பள்ளிக் கணினி ஆய்வகம்:

எனக்குப் பயன்பட்டிருக்கிறது, அதையும் பதிவு செய்கிறேன். பென்டிரைவ் வழியாக வைரஸ் வந்து, ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை அழித்துவிட்டது. ஆனால் ஸ்டார்ட்அப்புக்கான "ரன்" கீயில் அதன் பெயர் அப்படியே நின்றது. மாணவர்கள் லாகின் செய்யும்போதெல்லாம் "ஃபைல் கிடைக்கவில்லை" என்று பெட்டி வரும். பயந்துபோய் என்னைக் கூப்பிடுவார்கள். கிளீனரின் பட்டியலில்தான் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். மற்ற எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு அதை மட்டும் நீக்கினேன், பிரச்சினை தீர்ந்தது.

மதுரை, கம்ப்யூட்டர் சர்வீஸ்:

சார், நீங்கள் செய்த விதம் சரி. ஒரு வரியைத் தேடி, அதன் பொருள் புரிந்து, அதை மட்டும் நீக்கினீர்கள். இந்த வேலைக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பிரிவு தரும், தானே தொடங்கும் புரோகிராம்களைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி இன்னும் நல்லது. இலவசம்தான். ஃபைல் இல்லாத பதிவுகளை மஞ்சளில் காட்டும், நீக்காமல் டிக்கை மட்டும் எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஆன்டிவைரஸ் மிச்சம் என்றால் அதைத் தயாரித்த நிறுவனமே நீக்கும் கருவி தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னை, ஐடி சப்போர்ட்:

என் அப்பா ஓய்வுபெற்றவர். செய்தி படித்துக்கொண்டிருந்தபோது "உங்கள் கணினியில் ஆபத்தான பிழைகள்" என்று ஒரு ஜன்னல் எழும்பியிருக்கிறது. கார்டு எண்ணைக் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டார். எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. வயதானவர்களின் பயத்தை வைத்துக் காசு பார்ப்பது கொடுமை.

இது சின்னக் கூட்டங்களின் வேலை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் "பிசி ஹெல்த் செக்" என்று ஒரு சோதனை நடத்தினார்கள். கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்அப் வருகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகள். ஒன்றுக்கு டிக் அடித்தாலே மால்வேர் (தீய மென்பொருள்) அறிகுறி இருக்கிறது என்று முடிவு காட்டும். ஸ்கேனுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் அந்த நிறுவனமும் மென்பொருள் தந்த சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

நல்ல பெயர் எடுத்த கருவியிலும் ஆபத்து உண்டு. 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் என்ற கிளீனரின் 5.33 பதிப்பில் யாரோ ஊடுருவித் தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்தது. நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு வந்ததால் பயனருக்குச் சந்தேகம் வரவே வழியில்லை. அட்மின் அனுமதியோடு ஓடும் ஒரு மென்பொருளைத் தேவையில்லாமல் மெஷினில் வைத்திருப்பதன் விலை இது.

சிவகாசி, டிடிபி:

ஒரு சந்தேகம் அண்ணே. ரெஜிஸ்ட்ரியை விண்டோஸே பேக்கப் எடுத்து வச்சுக்கும்னு சொல்றாங்களே, அதை நம்பலாமா?

மதுரை, கம்ப்யூட்டர் சர்வீஸ்:

நம்பாதீங்க தம்பி. சிஸ்டம்32 உள்ளே கான்ஃபிக், அதுக்குள்ளே ரெக்பேக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். முன்பு அங்கேதான் நகல் இருந்தது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்த மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. இப்போது திறந்து பார்த்தால் ஃபைல் பெயர் இருக்கும், அளவு 0 கேபி. மெஷினை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரும் பல மெஷின்களில் ஆஃப் நிலையிலேயே கிடக்கிறது.

உங்கள் அச்சகத்துக்கு: ஒவ்வொரு மெஷினிலும் சி டிரைவுக்கு சிஸ்டம் புரொடெக்‌ஷனை ஆன் செய்து ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போடுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திறந்து திருத்தும் விண்டோஸ் கருவியான ரெஜெடிட்டில் "ஃபான்ட்ஸ்" கீயை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்த ஃபைலை சர்வரில் வையுங்கள். மறுபடி இப்படி ஆனால் அதை டபுள் கிளிக் செய்து மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் பதிவுகள் திரும்பிவிடும். சர்வர் ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.