புதுக் கவுன்சலருக்கு மேற்பார்வை: மணிக்கணக்கு போதுமா, செஷனைக் கேட்க வேண்டாமா?

ஓடைக்கரை:
கலிஃபோர்னியாவில் முழு உரிமத்துக்கு முன் 3000 மணி நேர வேலை, அதுவும் 104 வாரத்துக்குக் குறையாமல் மேற்பார்வையில். டெக்சாஸில் இணைநிலை உரிமம் (முழு உரிமத்துக்கு முந்தைய படி) வாங்கியவருக்கு 3000 மணி, அதில் பாதி கிளையன்டோடு நேரடியாக, மாதம் 4 மணி மேற்பார்வை. அந்தப் புதியவர் நடத்திய ஒரு செஷனையாவது மேற்பார்வையாளர் காதால் கேட்டாரா? இந்த எண்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது தெரியாது. நடப்பது என்னவென்றால், புதியவர் வந்து நினைவிலிருந்து சொல்கிறார், பெரியவர் அதை வைத்து வழி சொல்கிறார். சொல்ல மறந்ததும் சொல்லக் கூசியதும் அறைக்குள் வருவதே இல்லை. 1996இல் லடானி குழுவினர் பயிற்சி நிலையில் இருந்த 108 பேரிடம் கேட்டபோது, 97 சதவீதத்துக்கும் மேலானோர் மேற்பார்வையாளரிடம் எதையாவது மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். மேற்பார்வை மணியைப் பாதியாகக் குறைத்து, செஷனின் ஒலிப்பதிவைக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடிமரம்:
மணியில் கை வைக்காதீர்கள். வேலைப்பளு ஏறும்போது முதலில் ரத்தாவது மேற்பார்வை நேரம்தான். விதியில் எண் இருந்தால்தான் புதியவரால் "இந்த வாரம் என் ஒரு மணி எங்கே?" என்று நிர்வாகத்திடம் கேட்க முடியும். 104 வாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு அதிகபட்சம் 40 மணிதான் கணக்கில் சேரும் என்பதால் 3000 மணியை 75 வாரத்திலேயே முடித்துவிடலாம். மீதி 29 வாரம் வேகத்துக்குப் போட்ட தடை. நீண்ட நாள் வரும் கிளையன்ட், பாதியில் விட்டுப்போகும் கிளையன்ட், பழைய நிலைக்கே திரும்பிவிடும் கிளையன்ட் எல்லாரையும் பார்க்கக் காலம்தான் வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், 2006இல் பாம்ப்ளிங் குழுவினரின் ஆய்வு இருக்கிறது. மனச்சோர்வு உள்ள 127 பேருக்கு 8 செஷன் சிகிச்சை. மேற்பார்வை பெற்ற சிகிச்சையாளர்களிடம் போனவர்களுக்கு அறிகுறி கூடுதலாகக் குறைந்தது, பாதியில் நின்றவர்களும் குறைவு.

ஓடைக்கரை:
அதே ஆய்வில், சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு மேற்பார்வை அமர்வு நடந்தது. முதல் செஷனிலேயே சிகிச்சையாளருக்கும் கிளையன்டுக்கும் இடையிலான உறவுப் பிணைப்பில் வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஆக அந்த நல்ல பலனில் எவ்வளவு தொடர் மேற்பார்வையால், எவ்வளவு அந்த முன்தயாரிப்பால் என்று பிரிக்க முடியாது. 2016இல் ரூஸ்மேனியர் குழுவினர் ஐந்து ஆண்டுத் தரவை எடுத்து, 23 மேற்பார்வையாளர்கள், 175 சிகிச்சையாளர்கள், 6521 கிளையன்டுகளைப் பார்த்தார்கள். கிளையன்டின் முன்னேற்றத்தில் இருந்த வேறுபாட்டில், மேற்பார்வையாளர் யார் என்பதன் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாமா?

அடிமரம்:
கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அங்கே எல்லாருக்குமே மேற்பார்வை இருந்தது. மேற்பார்வையாளருக்கு மேற்பார்வையாளர் வித்தியாசம் சிறிது என்பதுதான் அதன் முடிவு. மேற்பார்வையே வேண்டாம் என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

கல்தூண்:
இருவரும் குழு மேற்பார்வையை விட்டுவிட்டீர்கள். மணிக்கணக்கு ஏமாற்றுவது அங்கேதான். கலிஃபோர்னியா விதியில் மேற்பார்வையின் ஒரு அலகு என்றால் தனியாக ஒரு மணி, அல்லது 8 பேருக்கு மிகாத குழுவில் இரண்டு மணி. 8 பேர் முழுதாக உட்கார்ந்தால் தலைக்கு 15 நிமிடம். ஒருவருடைய கேஸ் சிக்கலாகி 40 நிமிடம் இழுத்தால், இரண்டு பேர் வாயே திறக்காமல் எழுந்து போவார்கள். அவர்கள் கணக்கிலும் இரண்டு மணி ஏறிவிடும். அதனால்தான் 104இல் 52 வாரமாவது தனியாகவோ இருவராகவோ இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. தனி மேற்பார்வையும் தாராளம் இல்லை. வாரம் 20 கிளையன்ட் பார்ப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கிளையன்டுக்கு 3 நிமிடம்தான் வரும்.

எனவே யாரைப் பற்றிப் பேசுவது என்பதைப் புதியவரின் விருப்பத்துக்கு விடக் கூடாது. முழுப் பட்டியலையும் மேற்பார்வையாளர் முன்னால் வைத்து, முதல் 10 நிமிடத்தில் அபாயக் குறி உள்ளவர்களைத் தேட வேண்டும்: மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் அல்லாத பதில் தந்தவர் (அது சாவு பற்றிய, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணத்தைக் கேட்கும் கேள்வி), அடுத்தடுத்து இரண்டு செஷனுக்கு வராதவர், மதிப்பெண் குறையாமல் அப்படியே நிற்பவர். மிச்ச நேரம் ஒரே ஒரு கேஸுக்கு.

ஓடைக்கரை:
இது சரி. அந்த ஒரு கேஸைப் பதிவோடு செய்யுங்கள் என்கிறேன்.

அடிமரம்:
50 நிமிடப் பதிவை முழுக்கக் கேட்டால் மேற்பார்வை மணி அதிலேயே தீர்ந்துவிடும். புதியவரே துண்டு தேர்ந்தெடுத்தால் தனக்கு நன்றாக வந்ததைத்தான் கொண்டுவருவார். கிளையன்டின் சம்மதம் வேறு இருக்கிறது. "சேவை வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுங்கள்" என்று வாங்கினால் அது சம்மதமே இல்லை. யார் கேட்பார்கள், எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள், மறுத்தாலும் சிகிச்சை தொடரும் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். சொந்தக் கைபேசியில் பதிவெடுத்தால் அது தானாகவே மேகச் சேமிப்புக்குப் போய்விடுகிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஓடைக்கரை:
எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. தேர்ந்தெடுப்பது மேற்பார்வையாளர். செஷன் முடிவில் கிளையன்ட் தரும் மதிப்பீட்டில் எது மிகக் குறைவோ அந்த செஷன். அதில் 10 நிமிடம் போதும்: முதல் 3, நடுவில் 4, கடைசி 3. முடிக்கத் தெரியாதவர்கள் கடைசி 3 நிமிடத்தில் தவறாமல் பிடிபடுவார்கள், கதவுப் பிடியில் கை வைத்தபடி கிளையன்ட் முக்கியமான விஷயத்தைச் சொல்வதும் அங்கேதான். பதிவுக்கான கருவி நிறுவனத்துடையது, குறியாக்கம் செய்தது, மேற்பார்வை முடிந்த அன்றே அழிப்பது. மறுத்த கிளையன்ட் என்றால் மேற்பார்வையாளர் நேரில் உட்காரலாமா என்று கேட்கலாம். அதற்கும் மறுத்தால் வேறு கேஸ்.

மணி பற்றி ஒரு படி இறங்கி வருகிறேன். முதல் 6 மாதம் வாரம் ஒரு மணி, மாதம் இரண்டு பதிவு. பிறகு இரு வாரத்துக்கு ஒரு மணி, பதிவு அதே இரண்டு.

அடிமரம்:
இரு வாரம் என்பதை ஏற்க மாட்டேன். திங்களன்று தற்கொலை எண்ணத்தைச் சொன்ன கிளையன்டுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாது.

கல்தூண்:
அதற்கு ஒரு வாரமும் நீளம்தான். அவசர அழைப்பு ஏற்பாடு தனியாக, ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்: யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், எவ்வளவு நேரத்துக்குள். அதே ஒப்பந்தத்தில், மேற்பார்வையாளரே சம்பள உயர்வையும் முடிவு செய்பவரா என்பதையும் எழுதுங்கள். ஆம் என்றால், ஓடைக்கரை சொன்ன மறைப்பு அங்கே இன்னும் கூடும். தவறை ஒப்புக்கொண்டால் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தவர் எப்படி வாய் திறப்பார்? இரண்டு பொறுப்பையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.

அடிமரம்:
அதோடு மணிப் பதிவேடு. வாரம்தோறும் அந்த வாரமே கையெழுத்து. ஆண்டு முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டவர்கள், மேற்பார்வையாளர் வேலை மாறிப் போனதும் நூற்றுக்கணக்கான மணியை நிரூபிக்க வழியில்லாமல் நிற்கிறார்கள்.

ஓடைக்கரை:
அந்தப் பதிவேட்டில் "பதிவு கேட்டது: எந்த செஷன், எந்த நிமிடங்கள்" என்று ஒரு பத்தியும் சேர்த்தால் உங்கள் மணிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அடிமரம்:
பத்தி சேர்க்கலாம். வாராந்திர ஒரு மணி அப்படியே இருந்தால்.