மன்றோ என்னும் பெயருடையோர்: குடும்பப்பெயரா, குடிப்பெயரா, கிளைப்பெயரா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மாணவர்களுக்கான கலைக்களஞ்சியம் ஒன்றின் மகர வரிசைத் தொகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பதிவின் தலைப்பிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். ஸ்காட்லாந்துக்காரர்களின் 'மன்றோ' என்னும் பெயரைத் தாங்கிய நாடறிந்தவர்களைத் தொகுத்துச் சொல்லும் பதிவு அது. 1764இல் பக்சர் போரை வென்ற எக்டர் மன்றோ. சென்னை மாகாண ஆளுநராக இருக்கும்போதே 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்த தாமஸ் மன்றோ. திருவிதாங்கூரில் திவானாக இருந்து, கொல்லத்துக்கு அருகில் ஒரு தீவுக்கே தம் பெயரை விட்டுச்சென்ற ஜான் மன்றோ. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891இல் பட்டியலிட்ட ஹியூ மன்றோ. 'சாகி' என்ற புனைபெயரில் எழுதிய எச். எச். மன்றோ, 2013இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ. இவர்கள் ஒரு வீட்டார் அல்லர். பெயர் ஒன்றுதான் பொது.

இயற்பெயருக்குப் பின்னால் வழிவழியாக வரும் அந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'குடும்பப்பெயர்' என்றுதான் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த அம்மையார், "நம் பிள்ளைகளிடம் குடும்பப்பெயர் என்ன என்று கேட்டால் அப்பா பெயரைச் சொல்வார்கள்" என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பிவிட்டார். தலைப்பெழுத்தோடு காலம் தள்ளும் நமக்கு அவர் சொல்வது பொய்யில்லை. பன்மையும் இடிக்கிறது: 'மன்றோக்கள்' என்று எழுதிப் பார்த்தால் ஏதோ பூச்சியினம் போலத் தெரிகிறது. வியாழன் இரவுக்குள் கருத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மடல் 2: தமிழாசிரியர், நாகப்பட்டினம்

ஐயா, வணக்கம்.

சொல் நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன்? தொல்காப்பியப் பெயரியல், உயர்திணைப் பெயர்களை நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. குடிப்பெயருக்கு உரையில் காட்டப்படுவன மலையமான், சேரமான் என்பவை. ஒரு குடியில் பிறந்தார்க்கெல்லாம் பொதுவாக நின்று வழிவழி வரும் பெயர் அது; தாங்கள் கேட்பதும் அதுவே.

ஸ்காட்லாந்துப் பெயர்கள் சிலவற்றை அந்த நூற்பாவில் பொருத்திப் பார்த்தேன். மர்ரே என்பது மோரே என்னும் நிலப்பகுதியால் வந்தமையின் நிலப்பெயர். ஸ்டூவர்ட் என்பது அரசனது மாளிகையை மேற்பார்க்கும் பதவியால் வந்தமையின் வினைப்பெயர். கேம்பல் என்பதற்கு ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் கோணல் வாய் என்றும், கேமரன் என்பதற்குக் கோணல் மூக்கு என்றும் பொருள் சொல்வர். இவை உறுப்பால் வரும் சினைப்பெயரன்றி வேறென்ன? மக்டொனால்ட் டொனால்டின் மகன், ஆகவே உறவைச் சொல்லும் முறைப்பெயர். மன்றோவோ, அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையிலிருந்து வந்தோர் என்று அக்குடியின் மரபு சொல்வதால், நிலப்பெயராகப் பிறந்து குடிப்பெயராக நிலைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்டர் மன்றோ 1781இல் எங்கள் ஊரை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தவர். பிறகு தம் நாட்டில், ஈவன்டன் என்னும் ஊருக்கு மேலுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் வடிவென்று சொல்லி ஒரு கல்வளைவை எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது. பதிவில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.

மடல் 3: கணினித் துறையாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் ஐயா வகுத்துக் காட்டியது பெயர் எங்கிருந்து பிறந்தது என்பதை. மொழிபெயர்ப்பாளர் கேட்பது, பிறந்த பிறகு அது என்ன வேலை செய்கிறது என்பதை. இரண்டும் வேறு.

ஆலிஸ் மன்றோவையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது லெய்ட்லா வீட்டில். ஜேம்ஸ் மன்றோவை மணந்ததால் மன்றோ ஆனார். மணமுறிவுக்குப் பிறகும், வேறொருவரை மணந்த பிறகும் அந்தப் பெயரிலேயே எழுதினார். இவர் எந்தக் குடியில் பிறந்ததால் இவருக்குக் குடிப்பெயர்? ஹியூ மன்றோ பட்டியலிட்ட மலைகளுக்கு இன்று 'மன்றோ' என்றே பெயர். அப்படிப்பட்டவை 282 இருக்கின்றன. மலைக்குக் குடி ஏது? மேலும், பள்ளிப் பிள்ளைகள் கையில் போகும் புத்தகத்தில் ஸ்காட்லாந்தையும் குடியையும் ஒரே வரியில் வைத்தால் வகுப்பில் என்ன சிரிப்பு எழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

'கடைப்பெயர்' என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: கடை என்றால் இழிவு என்பார் ஒருவர், மளிகைக்கடை என்பார் இன்னொருவர். 'பின்பெயர்' என்று வைத்தால் எவருக்கும் விளங்கும். அத்துடன் 'மன்றோ' அன்று, 'மன்ரோ' என்று எழுத வேண்டும். றகரம் போட்டால் 'கன்று' போல ஒலித்து, அந்த மனிதர்களே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மடல் 4: ஓய்வுபெற்ற பொறியாளர், டொராண்டோ

அன்பர்களே, நெடுநாளாக மனத்தில் இருப்பதைச் சொல்ல இது தருணம். ஸ்காட்லாந்தின் குலங்களைக் 'கிளான்' என்கிறார்கள். நம் 'கிளை' என்னும் சொல்லுக்குச் சுற்றம் என்பது பழம்பொருள். கிளைஞர் என்றால் உறவினர். கிளை, கிளான்: ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. தமிழ்ச்சொல் கடல்கடந்து அங்கே சென்றிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆகவே 'கிளைப்பெயர்' என்பதை முன்மொழிகிறேன். வாங்கிய சொல்லைத் திரும்பப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மடல் 5: மொழியியல் ஆய்வு மாணவி, புதுச்சேரி

பொறியாளர் ஐயாவின் ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் கேலிக்கின் 'கிளான்', தளிர் என்று பொருள்படும் 'பிளாண்டா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கேலிக்குக்குத் தாயான முற்காலத்து ஐரிய மொழியில் பகர ஒலி இல்லாமையால் அது ககரமாயிற்று. தளிர் என்ற பொருள் பிள்ளைகள் என்றும் வழித்தோன்றல்கள் என்றும் விரிந்தது. மரத்தைக் கொண்டு சுற்றத்தைச் சொல்லும் எண்ணம் இரு மொழிக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. அதுவே போதிய வியப்பு. கலைச்சொல்லாக்கினாலோ, 'கிளைப்பெயர்' என்று படித்த மாணவன் எந்த வங்கியின் கிளை என்று கேட்பான்.

என் பங்குக்கு 'பெயரன்' என்ற சொல்லை நினைவூட்டுகிறேன். பேரன் என்பதன் பழைய வடிவம் அது; பாட்டனின் பெயரைத் தாங்குபவன். ஐங்குறுநூற்றின் 403ஆம் பாட்டில் சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கும் சிறுவனைத் 'தந்தை பெயரன்' என்றே புலவர் சொல்கிறார். இந்தப் பதிவிலேயே அதற்குச் சான்று உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1720 முதல் 1846 வரை உடற்கூற்றியல் பேராசிரியர் இருக்கையில் தந்தை, மகன், பேரன் என மூவர் அடுத்தடுத்து இருந்தனர். மூவர் பெயரும் அலெக்சாந்தர் மன்றோ. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று எண்ணிட்டுத்தான் பிரித்தறிகிறார்கள். மூன்றாமவர் இரண்டு பொருளிலும் பெயரனே.

ஆனாலும் 'பெயரன்' இன்று பேரனாகிவிட்டது. அதை மீட்க முடியாது. தலைப்புக்கு 'மன்றோ எனப் பெயர்பெற்றோர்' என்று வைக்கலாமே? பிறப்பால் பெற்றவர், மணத்தால் பெற்றவர் இருவரும் அடங்குவர். புகழ்பெற்றவர் என்பதும் உள்ளே வந்துவிடும்.

எழுத்தைப் பற்றி: ஒரே சொல்லுக்குள் னகர மெய்யை அடுத்து ரகரம் வருவதற்கு, எந்த மெய்யை அடுத்து எது வரலாம் என்னும் மெய்ம்மயக்க விதியில் இடமில்லை. இடையில் உகரம் சேர்த்து 'மனுரோ' என்றால் மனுக்கொடுக்கப் போவது போல ஆகிவிடும். சென்னைத் தீவுத்திடல் பக்கம் பேருந்தில் போகிறவர்கள், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவை 'மன்றோ சிலை' என்றே அறிவார்கள். அதுவே இருக்கட்டும்.

மடல் 6: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. 'பெயர்பெற்றோர்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மையாருக்கு அனுப்பினேன், "நல்ல பெயரா, கெட்ட பெயரா?" என்று பென்சில் குறிப்போடு திரும்பி வந்துவிட்டது.

தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'குடும்பப்பெயர்' ஐந்து, 'குடிப்பெயர்' இரண்டு, 'பின்பெயர்' ஒன்று, 'கிளைப்பெயர்' ஒன்று. ஐவரில் மூவர், "இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், நேரமில்லை" என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆகவே தலைப்பு 'மன்றோ (குடும்பப்பெயர்)'. முதல் வரியில், 'ஸ்காட்லாந்தில் இயற்பெயரின் பின் வழிவழியாகவும் மணத்தின் வழியாகவும் வரும் பெயர்' என்று விளக்கிவிட்டேன். பன்மைக்கு 'மன்றோ என்னும் பெயருடையோர்'. ஆசிரியர் ஐயா, ஃபைரிஷ் குன்றின் கல்வளைவுக்கு ஒன்றல்ல, இரண்டு வரி கொடுத்திருக்கிறேன்.

மடல் 7: தமிழாசிரியர், நாகப்பட்டினம்

இரண்டு வரிக்கு நன்றி. குடும்பப்பெயருக்கு என் உடன்பாடு இல்லை என்பது பதிவில் இருக்கட்டும். 'குடும்பம்' என்பதில் இன்று தாய், தந்தை, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் யாரும் இல்லை. நூற்றாண்டுகளாக வரும் பெயரை அதற்குள் எப்படி அடைப்பது? என் வகுப்பில் குடிப்பெயர் என்றே சொல்வேன். சிரிக்கிற பிள்ளைகள் சிரிக்கட்டும்.

மலைக்குக் குடி ஏது என்று கேட்ட கோவை நண்பருக்கு: மலைக்கு வழங்கும் மன்றோ குடிப்பெயர் அன்று; செய்தவர் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவரும் கருத்தாவாகுபெயர். ஹியூ மன்றோ செய்தது பட்டியலைத்தானே, மலையை அல்லவே என்று அவர் எழுதுவார். அதைத் தனிமடலில் பார்த்துக்கொள்கிறோம்.