கோஸ்ஃபோர்த் கற்சிலுவை: மழையில் நிற்கட்டுமா, கூரைக்குள் போகட்டுமா?

மணற்கல்: இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், கோஸ்ஃபோர்த் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் 4.4 மீட்டர் உயரக் கற்சிலுவை ஒன்று பத்தாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. செந்நிற மணற்கல். அது நீரை உறிஞ்சும். அந்த நீர் குளிரில் உறைந்து விரியும். மேற்பரப்பு மணல் மணலாக உதிரும். மழைக்குப் பெயர்போன அந்தப் பகுதியில் இன்னும் எத்தனை தலைமுறை தாங்கும்? தேவாலயத்துக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்கிறேன்.

வடகாற்று: கடுமையாக மறுக்கிறேன். அது நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்க வேண்டிய கல். கிழக்கு முகத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு. அதே முகத்தில் ஓநாயின் வாயைப் பிளக்கும் விதார், பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வம். மேற்கே கட்டுண்டு கிடக்கும் லோகி, அதே புராணக் கதைகளின் சூழ்ச்சிக்காரத் தெய்வம். பாம்பின் நஞ்சு அவன்மேல் சொட்டாமல் கிண்ணம் ஏந்தும் மனைவி சிகின். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் பழைய தெய்வக் கதைகளைக் கைவிடாமலே கிறிஸ்துவை ஏற்றதைக் கண்முன் காட்டும் கல் இது. ஆழமில்லாத அந்தச் செதுக்கல்கள் சாய்வெயில் படும்போதுதான் எழுந்து தெரியும். அந்த வெயிலைச் சுவருக்குள் எப்படித் தருவீர்கள்?

மணற்கல்: சாய்வெயிலில் பார்ப்பதற்கு உருவம் மிஞ்ச வேண்டுமே, நண்பரே! ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுக் கல். 1642-இல் விக்கிரகம் என்று சொல்லி உடைத்துப் போட்டார்கள். பாதிரியார் ஹென்றி டங்கன் துண்டுகளைத் திரட்டி 1823-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தினார். 1887-இல் தேவாலயத்துக்குள் அதற்கெனவே ஓர் இடம் கட்டி உள்ளே கொண்டுபோனார்கள். சிலுவையே வாய்திறந்து பேசுவதாக அமைந்த பழைய ஆங்கிலக் கவிதையின் வரிகளை, ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் இன்றும் அதன்மேல் காணலாம்.

வடகாற்று: உங்கள் உதாரணமே எனக்குச் சாதகம். ரத்வெல் ஏற்கெனவே துண்டுகளாகக் கிடந்த சிலுவை. அதைத் தூக்கி நகர்த்த முடிந்தது. கோஸ்ஃபோர்த் ஒல்லியாக, உயரமாக, முழுதாக நிற்கிறது. பெயர்க்கும்போது நடுவில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

செதுக்கல்: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1882-இல் எடுத்த கோஸ்ஃபோர்த் சிலுவையின் வார்ப்பு, அதாவது அச்செடுத்துச் செய்த நகல், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் கல்லையும் அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். அதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

மணற்கல்: ஒப்பிடுங்கள், வரவேற்கிறேன். ஆனால் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தால் உள்ளே கொண்டுபோகச் சம்மதிப்பீர்களா?

வடகாற்று: மாட்டேன். குளிர்காலத்தில் மட்டும் மூடிவைக்க ஓர் உறை செய்யச் சொல்வேன். கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.