மெத்திலீன் நீலச் சோதனையில் தேறிய பாலைக் காய்ச்சாமல் கொடுக்கலாமா?

தொழுவத்துக்காரன்:
வணக்கம். தாராபுரம் பக்கம் நான்கு மாடுகளும் ஐந்து வெள்ளாடுகளும் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு மாடு ஏழு மாதச் சினையில் கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடியும் இரண்டு நாள் விழவில்லை. மற்ற மாடுகளின் பாலைச் சோதனைக்குக் கொடுத்தபோது, அதில் விட்ட மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஐந்து மணி நேரம் கழித்தும் வெளுக்காததால் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள். என் தந்தை கறந்த சூட்டோடு ஆட்டுப்பாலைப் பேரனுக்குக் கொடுப்பது வழக்கம். இந்தச் சான்று கையில் இருக்கும்போது அதைத் தடுக்க வேண்டுமா?

பால்சோதனை:
கட்டாயம் தடுத்துவிடுங்கள், ஐயா. 10 மில்லி பாலில் 1 மில்லி சாயத்தை விட்டு 37 டிகிரி வெந்நீரில் வைக்கிறோம். பாலில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள நீலம் வெளுக்கிறது. அரை மணியில் வெளுத்தால் மோசமான பால், ஐந்து மணி தாண்டினால் மிக நல்ல பால். பாத்திரமும் கையும் மடியும் சுத்தமாக இருந்தனவா என்பதைத்தான் இது காட்டும். நோயைத் தரும் கிருமி கொஞ்சமாக இருந்து மெதுவாகப் பெருகினால் நீலம் அசையாமல் நிற்கும். மேலும், நீங்கள் சோதித்தது மாட்டுப்பால். பேரன் குடிப்பது ஆட்டுப்பால்.

கால்நடை மருத்துவர்:
ஏழாம் மாதத்தில் கன்று வீசியது, நஞ்சுக்கொடி தங்கியது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் புருசெல்லாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். கன்று வீசச் செய்யும் இந்தக் கிருமி, காய்ச்சாத பால் வழியாகவும் வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் தொடுவதாலும் மனிதருக்கும் தொற்றும். மாட்டுப்பாலுக்குப் பால் வளையச் சோதனை உண்டு. சாயமேற்றிய புருசெல்லா கிருமிகளில் ஒரு சொட்டை 1 மில்லி பாலில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், கிருமியை எதிர்க்க மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் உள்ள பாலில் அந்தக் கிருமிகள் கொத்தாகச் சேர்ந்து கொழுப்போடு மேலே ஏறி நீல வளையமாக நிற்கும். இல்லாத பாலில் மேலே ஆடை வெளுப்பாகவும் கீழே பால் நீலமாகவும் இருக்கும். மடிநோய் கண்ட பாலிலும் சீம்பாலிலும் பால் வற்றும் பருவத்திலும் நோயில்லாமலே வளையம் வரக்கூடும் என்பதால், இரத்தச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். ஆட்டுப்பாலுக்கு இந்தச் சோதனை நம்பத்தக்கதன்று. ஆடுகளுக்கு இரத்தமே எடுக்க வேண்டும். பிசிஆர் மூலம் கிருமியின் மரபணுவையே தேடலாம், ஆனால் செத்த கிருமியும் அதில் தெரியும்.

முடிவு வரும் வரை, வந்த பிறகும், பாலைப் பொங்கக் காய்ச்சியே கொடுங்கள். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே புருசெல்லா செத்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மடிநோய் மாட்டின் பாலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு உண்டாகிவிட்டால், கிருமி செத்தாலும் கொதி அந்த நஞ்சை அழிக்காது. அந்தப் பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

கரூர் வாசகி:
என் கணவருக்கு ஒன்றரை மாதம் மாலையானால் காய்ச்சலும் இடுப்பு வலியும் வியர்வையும் வந்தன. டைபாய்டு என்றே மருந்து சாப்பிட்டார். வீட்டில் ஆடு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மருத்துவர் புருசெல்லாவைச் சோதித்தார்.

தொழுவத்துக்காரன்:
இன்று முதல் காய்ச்சித்தான் கொடுப்போம். ஆனால் வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் என் அண்ணன் வெறுங்கையால்தான் எடுத்துப் போட்டார். பத்து நாளாக உடம்பு வலிக்கிறது என்கிறார்.

கால்நடை மருத்துவர்:
நாளையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாடு கன்று வீசியதை முதலிலேயே சொல்லி, புருசெல்லா சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.