கதை பிடிச்சிருக்கு, ஆனா வாசிக்கிறவர் குரல் ஒட்டவே மாட்டேங்குது. உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

கரிசக்காட்டான்:
வணக்கம். தினமும் தாம்பரத்துல இருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் ட்ரெயின்ல போறேன், அந்த நேரத்துல ஆடியோபுக் கேக்குறது பழக்கம். போன வாரம் கரிசல் பக்கத்து நாவல் ஒண்ணு ஆரம்பிச்சேன். எனக்கு கோவில்பட்டி பக்கம், ஏற்கெனவே ரெண்டு தடவை படிச்ச புக்கு, ஆசையா போட்டேன். வாசிக்கிறவர் குரல் கணீர்னு இருக்கு, உச்சரிப்பும் சுத்தம், ஆனா பாட்டி பேரனைப் பாத்து "ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போய்யா"ன்னு கெஞ்சுற இடத்தக் கூட செய்தி வாசிக்கிற மாதிரியே வாசிக்கிறாரு. அந்த வரியப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைச்சிருக்கு, இப்ப ஒண்ணுமே தோணல. மூணாவது அத்தியாயத்துல நிறுத்திட்டேன். நீங்கல்லாம் பழகுற வரைக்கும் கேப்பீங்களா, இல்ல விட்டுருவீங்களா?

ஒலிப்பிரியை:
விட்டுருவேன். வட்டார வழக்க எழுத்துல பாதிதான் கொண்டு வர முடியும், மீதி இழுவையிலயும் ராகத்துலயும்தான் இருக்கு. கரிசல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) அந்த மண்ணோட பேச்சுக்கு அகராதியே தொகுத்தாரு, ஆனா அந்தச் சொல்ல எப்படி இழுக்கணும்னு அந்த ஊர்க்காரங்க வாயிலதான கேக்க முடியும்.
இன்னொண்ணு, நம்ம எழுத்துல ஒரே 'ப'தான். "பாவம்"னு இருந்தா அது இரக்கப்படுற பாவமா, முகத்துல காட்டுற பாவமான்னு இடத்தப் பாத்துத்தான் தெரியும். முன்னாடியே ஒரு தடவை படிச்சுப் பாக்காம மைக் முன்னாடி உக்காந்தவங்க அங்கதான் மாட்டுவாங்க, ஒரு சொல் தப்பா விழுந்தாலும் நான் கதைய விட்டு வெளிய வந்துடறேன்.

விரல்நுனி:
நான் வேற மாதிரி. எனக்குப் பிறவியிலயே பார்வை இல்ல. கம்ப்யூட்டர்ல என்விடிஏன்னு திரையில இருக்கிறத வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் போட்டு, அதுல வர்ற ஈஸ்பீக்ங்கிற குரல்லதான் நிறைய படிக்கிறேன், தட்டையான மெஷின் குரல், மத்தவங்களுக்குப் புரியாத வேகம். ஆனா எங்க அழணும் எங்க சிரிக்கணும்னு அது எனக்குச் சொல்லாது, அத நானே வச்சுக்குவேன், அதனால அந்தப் பாட்டி என் பாட்டி மாதிரியே பேசுவா. ஓவரா நடிச்சு வாசிக்கிறவங்ககிட்டதான் எனக்குக் கஷ்டம், எல்லாத்தையும் அவங்களே அழுது முடிச்சிடறாங்க.
அதுக்காக மனுஷக் குரல் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். காலேஜ்ல ஒரு அக்கா பாடத்த கேசட்ல வாசிச்சுக் குடுத்தாங்க, பக்கம் திருப்புற சத்தம், நடுவுல தண்ணி குடிக்கிறது எல்லாம் கேக்கும். அந்தப் பாடம் இன்னிக்கும் அவங்க குரல்லதான் ஞாபகம் வருது.

வீராணத்து_ஏரி:
நாவலுக்கு நாவல் மாறும்ணே. பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 54 வரைக்கும் வாராவாரம் தொடரா வந்தது, ஒருத்தர் சத்தமா படிக்க வீடே உக்காந்து கேக்கும்னு எங்க தாத்தா சொல்லுவாரு. கல்கியும் வாசகர எதிர்ல உக்கார வச்சுப் பேசுற மாதிரிதான் எழுதியிருப்பாரு. அதுக்கு கூடத்துல உக்காந்து கதை சொல்ற குரல் ஒண்ணு போதும், ஆளுக்கொரு குரல் வச்சு நாடகமாக்குனா எனக்கு அந்தக் கதைசொல்லி காணாமப் போயிடறாரு. எதுக்கும் வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள்ல வசனம் வர்ற இடமாப் பாத்துக் கேளுங்க.

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. விரல்நுனி, நீங்க சொன்னதப் படிச்சுட்டு நேத்து மறுபடி போட்டேன், வேகத்தக் கொஞ்சம் கூட்டி வச்சேன். மழைக்கு ஏங்குற வர்ணனையெல்லாம் இப்ப நல்லாவே போகுது. பாட்டி வர்ற இடம் மட்டும் முடியல, அத புக்குலயே படிச்சுக்கிறேன். தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துப் பேச்சு சரளமா வர்ற யாராவது வாசிச்ச ஆடியோபுக் தெரிஞ்சா சொல்லுங்க.