அந்த நிறத்துக்கு அங்கே என்ன பெயர்?

திருநெல்வேலியிலிருந்து:

ஓணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தோவாளைப் பூச்சந்தைக்குப் போயிருந்தேன். நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், ஆரல்வாய்மொழி தாண்டியதும் இறங்க வேண்டிய ஊர். ஆவணி பிறந்த பிறகும் கணவாய்க் காற்று ஓயவில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விலை பேசும் சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. அத்தப்பூக் கோலத்துக்காகக் கேரள வியாபாரிகள் வண்டி வண்டியாக அள்ளிப் போகும் நாட்கள் அவை. பிச்சி, சம்பங்கி, அரளி, கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாம் படுதா விரித்துக் கொட்டியிருந்தார்கள். நான் தேடிப் போனது கேந்தி, சில ஊர்களில் செண்டுமல்லி என்பார்கள். இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

முதலில் எடுத்த இருபது படங்களும் வீணாயின. எல்.இ.டி. விளக்கின் கீழே அந்தக் குவியல் வெறும் மஞ்சள் திட்டாக விழுந்திருந்தது. இதழும் இல்லை, மடிப்பும் இல்லை. கடைக்கார அண்ணாச்சி கேமராவை வாங்கிப் பார்த்தார். "இது என் பூ இல்லையே. இந்த நிறத்தில் நான் கொண்டுவந்தால் ஒருவரும் ஒரு கிலோகூட எடுக்க மாட்டார்கள்" என்றார். பேச்சில் கோபம் இல்லை, சரக்கைப் பற்றிப் பேசும்போது வருகிற கறார்தான். இரண்டு பூக்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று மஞ்சள் கேந்தி, மற்றது ஆரஞ்சு கேந்தி. இரண்டும் தனித்தனிக் குவியல், தனித்தனி விலை. என் படத்தில் இரண்டும் ஒன்றாகியிருந்தன.

தவறு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. டிஜிட்டல் கேமராவின் சென்சார் நிறத்தைப் பங்கு போட்டுத்தான் வாங்குகிறது: பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. கேந்தி போன்ற பூவில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். மற்ற இரண்டும் நிரம்பாமல் இருப்பதால், ஒளி அளவு சரியாகவே இருப்பதாகக் கேமரா சொல்லும். அந்தச் சொல்லை நம்பினால் இதழ்கள் போய்விடும். ஒளியை ஒரு படி குறைத்தேன். அது போதவில்லை. கிழக்கு வெளுக்கும் வரை அண்ணாச்சி கடை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்காத, நிழல் விழாத அந்தக் கால்மணி நேரத்தில் எடுத்த ஆறு படங்களைக் காட்டினேன். ஒன்றில் விரல் வைத்து, "இது என் பூ" என்றார்.

அதே சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மாணிக்கமாலை கட்டிக்கொண்டிருந்தார். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற மாலை அது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்துத் தட்டையாகக் கட்டுகிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த நகை, கிட்டே போனால் பின்னிய பாய். பக்கத்தில் இருந்த பேரனிடம் அவர் "பச்சை எடு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நொச்சி எடு" என்றுதான் சொன்னார். நிறம் அவர் கையில் தனியாக இருக்கவில்லை, ஒரு செடியாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கே படமெடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த நிறத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? நீங்கள் பயணத்தில், தெருவில், கடைவாசலில் எடுத்த அழுத்தமான நிறங்களைப் பற்றி எழுதுங்கள். அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து:

உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரே பெயர்தான் இருக்கிறது: மயில்கழுத்து. அதைப் படமெடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். சித்தப்பா வீட்டில் குழித்தறி இன்னும் ஓடுகிறது. மயில்கழுத்துப் புடவையைக் கடையில் ஒருமுறை பார்த்தவர்கள் அதை ஒரு சாயம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது சாயமில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே போகும் ஊடை நூல் வேறு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை போகும்போது துணி இரண்டுமாக இருக்கிறது. நின்று பார்த்தால் நீலம், ஓர் அடி நகர்ந்தால் பச்சை. மடிப்பில் இரண்டும் ஓடும். மாந்துளிர் என்று சொல்வதும் இப்படித்தான் வருகிறது, மாமரத்தின் இளந்தளிரில் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்கிற மாதிரி.

இதைப் புகைப்படத்தில் என்ன செய்வது? படம் ஒரு கோணத்தில் நின்றுவிடுகிறது. நான் நேராக ஒளி அடித்து எடுத்தேன், நீலப்புடவை ஆனது. ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். சரிகை மட்டும் வெள்ளையாக எரிந்தது, பட்டு செத்துப்போனது. புடவையை விரித்து மொட்டை மாடியில் வெயிலில் போட்டும் பார்த்தேன். சித்தி பதறிக்கொண்டு வந்து எடுத்துப் போய்விட்டார், பட்டை வெயிலில் போடலாமா என்று. அவர் சொன்னது சரி.

வழி சொன்னவர் சித்தப்பா. "தறியில் இருக்கும்போது எடும்மா. அங்கேதான் இரண்டு நூலும் கண்ணுக்குத் தெரியும்" என்றார். அவர் உட்காரும் பள்ளத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். காலை ஒன்பது மணிக்கு அதிலிருந்து சாய்வாக வெளிச்சம் வரும். நெய்யாத பாவு நீலமாக நீண்டு கிடக்கிறது. பாவுக்குக் குறுக்கே ஊடையைக் கொண்டு போகும் நாடாவில் பச்சை நூல். நெய்து சுருண்ட பகுதியில்தான் மயில்கழுத்து பிறக்கிறது. மூன்றும் ஒரே படத்தில் வந்துவிட்டன. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் யாரும் என்னிடம் விளக்கம் கேட்பதில்லை.

நிறத்தை எடுக்கப் போகிறவர்கள் அது உருவாகிற இடத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடையில் மடித்து வைத்த புடவையின் படம் ஆயிரம் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து:

லிட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்கள் அனைவரும் எடுக்கும் படம் ஒன்று உண்டு. கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா இல்லம். 1900-இல் கட்டிய வீடு. மிட்டாய்த் தொழில் செய்த சீன வணிகருடையது. இன்று ஒவ்வொரு ஜன்னல் பலகைக்கும் நாலைந்து நிறம். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க மாட்டுத் தொழில்தான்.

நானும் அந்த வீட்டைப் பலமுறை எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்த படம் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி எடுத்தது. மழை விட்ட மாலை. தரை ஈரத்தில் அந்த வீட்டின் நிறமெல்லாம் கலங்கிக் கிடந்தது. பூக்கட்டும் அக்கா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு அதன் மேல் நடந்து போனார். மழை பெய்து முடிந்த அரைமணி நேரத்தை விடாதீர்கள். தூசி கழுவிப் போயிருக்கும், மேகம் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பியிருக்கும், எந்தச் சுவரும் தன் முழு நிறத்தில் நிற்கும். உச்சி வெயிலில் எடுத்தால் அதே சுவர் வெளிறிப் போகும்.

அங்கே நிறத்துக்குப் பெயர் கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டு "கலர் வீடு" என்றார். அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டிலிருந்து:

நான் படமெடுக்கிறவன் இல்லை, பூசுகிறவன். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் 26 வருடம் பெயிண்டராக இருக்கிறேன். உங்கள் அனுபவங்களைப் படித்ததும் சொல்லத் தோன்றியது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வந்து லாரிப் படங்கள் எடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாடு, கிளி, தாமரை, பின்பக்க எழுத்து, எல்லாவற்றையும் எடுப்பார்கள். டிரைவர் தம்பியை நிற்க வைத்தும் எடுப்பார்கள். ஆனால் எழுதிய கையை யாரும் கேட்டதில்லை. பத்தடி தள்ளி உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டுதான் இருப்பேன். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, அப்புறம்தான் நிறம். சிவப்புதான் வெயிலில் முதலில் வெளுக்கும். ஆனாலும் முதலாளிகள் சிவப்பைத்தான் கேட்பார்கள். பட்டறையை விட்டு வெளியே வருகிற அன்று அந்தச் சிவப்பைப் பாருங்கள். குங்குமச் சிவப்பு என்று நாங்கள் சொல்லுவோம். மூன்று வருடம் வடக்கே ஓடித் திரும்பி வந்தால் செங்கல் மாதிரி இருக்கும். அதையும் எடுங்கள். அதுவும் நான் பூசியதுதான்.

சென்னையிலிருந்து:

திருச்செங்கோட்டு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய ஆல்பத்தை எடுத்தேன்.

1982-இல் அப்பா எங்களை ராமேசுவரம் கூட்டிப் போனார். அப்போது சாலைப் பாலம் கிடையாது, அது 1988-இல் தான் வந்தது. 1914-இல் திறந்த ரயில் பாலத்தில் வண்டி ஊர்ந்து போக, கீழே தண்ணீர் மட்டும் தெரிந்த அந்தப் பத்து நிமிடம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அக்னிதீர்த்தக் கரையில் ஒரு படகுக்கு முன்னால் அம்மாவை நிற்க வைத்து அப்பா ஒரு கலர் படம் எடுத்தார். எங்கள் வீட்டின் முதல் கலர் படம் அது.

இன்று அந்தப் படம் முழுக்கச் சிவந்துவிட்டது. கடல், படகு, புடவை எல்லாம் ஒரே செந்நிறம். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகள் பலவற்றுக்கு இந்தக் கதிதான். படத்தாளில் மூன்று சாயங்கள்: மஞ்சள், மெஜெந்தா என்கிற ஊதாச்சிவப்பு, சியான் என்கிற பச்சைநீலம். ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் சியான் மெல்ல மெல்ல அழிந்துபோகும். நீலமும் பச்சையும் போய்விட, மிச்சம் நிற்பது சிவப்பு. பெரியப்பா அதே காலத்தில் கோடாக்குரோம் என்ற ஃபிலிமில் எடுத்த ஸ்லைடுகள் பீரோவுக்குள் இருந்து இன்றும் அப்படியே இருக்கின்றன. எங்களிடம் அந்த வசதி இருக்கவில்லை.

ஸ்டூடியோ ஒன்றில் ஸ்கேன் செய்து சரிசெய்யக் கொடுத்தேன். அம்மாவின் புடவையை நீலமாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா பார்த்ததும், "இது யார் புடவை? நான் கட்டியது கிளிப்பச்சை, அரக்கு பார்டர்" என்றார். அவருக்கு இப்போது 79 வயது. மருந்து சாப்பிட்டோமா என்பது மறந்துவிடுகிறது. பார்டர் நிறம் மறக்கவில்லை.

போன மாசியில் அம்மாவை மறுபடி ராமேசுவரம் கூட்டிப் போனேன். அக்னிதீர்த்தத்திலிருந்து ஒவ்வொரு படகாகக் காட்டி, அந்தப் படகு இந்த நீலமா, இந்த நீலமா என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வேட்டி அலசிய வாளித் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டார். "இதுதான். சொட்டு நீலம் கரைத்த தண்ணீர்." அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டு வாளியை எடுத்தேன். அந்த வாளித் தண்ணீரின் நிறத்தை வைத்துத்தான் பழைய படத்தின் படகை நானே கணினியில் சரிசெய்தேன். ஒன்றரை மாதம் ஆனது. அம்மா தலையசைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

இப்போது எந்தப் பயணத்தில் படம் எடுத்தாலும் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் நிறங்களின் பெயரை எழுதி வைக்கிறேன். கிளிப்பச்சை. அரக்கு. சொட்டு நீலம். சாயம் போனாலும் என் பேத்தி படித்துக்கொள்வாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட ஊரில் நிறம் என்றால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில்தான் முதலில் நினைவுக்கு வரும். பொன்மஞ்சள் கோபுரம், காவியும் வெள்ளையுமாய்ப் பட்டை அடித்த மதில். 25 நாள் திருவிழாவில் அந்த மதிலோரம் மணலில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களின் முதுகிலும் அந்த வெளிச்சம் படும். நான் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த நாளில், காலை ஐந்தரை மணிக்கு மதிலை மட்டும் எடுத்தேன். மனிதர் இல்லை, கோபுரம் இல்லை, பட்டை மட்டும். அம்மம்மா கைத்தொலைபேசியில் அதைப் பார்த்ததும் கும்பிட்டார். எந்தக் கோயில் என்று நான் சொல்லவே இல்லை.

திருநெல்வேலியிலிருந்து, மறுபடி:

எல்லோருக்கும் நன்றி. திருச்செங்கோட்டு அண்ணன் எழுதியது என்னை உறுத்தியது. தோவாளையில் அண்ணாச்சியின் பூவை எடுத்தேன். மாணிக்கமாலையை எடுத்தேன், அதைக் கட்டிய விரல்களையும் எடுத்தேன். பெரியவரின் முகம் என்னிடம் இல்லை. நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் முகத்தைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடி போகிறேன். கேந்திப் படத்தையும் மாலைப் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து எழுதியவர் செய்வதுபோலப் பின்பக்கம் பென்சிலால் எழுதியும் விட்டேன்: ஆரஞ்சு கேந்தி. சிவப்பு அரளி. வெள்ளை அரளி. நொச்சி. பெரியவர் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.